பிடிக்காத வீடு

எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் பிடித்துப்போனால் அதை முகத்தில் காட்டக் கூடாது. இது நைனா போட்ட சட்டம். கத்தரிக்காய் வாங்கப் போனால் கூடையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே விலை கேட்பார். துணிக்கடையில் அம்மா ஒரு புடவையின் முந்தானையைக் கொஞ்சம் கூடுதலாகத் தடவிவிட்டால் போதும், பின்னாலிருந்து தொண்டையைச் செருமுவார். அம்மா உடனே கையை எடுத்துவிட்டு, "சாயம் போவும் போலக் கீதே" என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொள்வாள். அதற்கப்புறம் அந்தப் புடவை விலை குறைந்து எங்களோடு வீட்டுக்கு வரும். அம்மா ஆசைப்பட்டுக் கட்டிய புடவைகள் எல்லாமே அவள் வாயால் ஒருமுறை ஏச்சு வாங்கியவைதான்.

நைனாவைக் கருமி என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குப் பழைய கதை தெரியாது. நான் பிறந்த சமயத்தில் அம்மா பிழைப்பாளா மாட்டாளா என்று இருந்ததாம். ஆஸ்பத்திரியில் உடனே பணம் கட்ட வேண்டும். புள்ளலூரில் நைனாவுக்குப் பாகமாக வந்த நிலத்தை, அந்த அவசரம் பார்த்துப் பெரியப்பா பாதி விலைக்கு எழுதி வாங்கிக்கொண்டார். அம்மா பிழைத்துக்கொண்டாள். நைனா அதோடு சொந்த ஊரில் கால் வைப்பதை விட்டுவிட்டார். உத்திரமேரூரில் வாடகைக்கு வீடு பிடித்து, ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ்ஸை ஓட்டினார். இனிமேல் யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்பதைத் தினமும் யாரிடமாவது, பெரும்பாலும் காய்கறி விற்கிற பெண்களிடம், நிரூபித்துக்கொண்டிருந்தார்.

வீடு என்று பெயர்தான், ஒரே அறை. அதன் ஒரு மூலையில் அடுப்பு. அந்த மூலையில் ஜன்னல் கிடையாது. அம்மா வதக்குகிற மிளகாய் எங்கள் பாயிலும் என் பள்ளிக்கூடத்துச் சட்டையிலும் ஏறியிருக்கும். வீட்டுக்காரர் காலையில் ஒருதரம் மோட்டார் போடுவார். அந்தத் தண்ணீரைப் பிடிக்கத் தவறினால் அன்றைக்கு அம்மா யார் வீட்டிலாவது போய்க் கையேந்தி நிற்க வேண்டும். அவளுக்காகத்தான் சொந்த வீடு வாங்க வேண்டும் என்று நைனா துடித்தார். இதை இப்போது நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. எல்லாமே அம்மாவுக்காகத்தான் நடந்தது.

நான் நாலாவது படிக்கும்போது ஒரு புரோக்கர் வந்து, ஏரிக்குப் போகிற வழியில் ஒரு பாய் வீடு விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். பஜாரில் கயிறு, கோரைப்பாய், பிளாஸ்டிக் குடம் விற்கிற கடை வைத்திருந்த பாய். அவர் கடையை மூடிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது.

"அவுருக்குப் பணம் அவசரமா வேணும்ணா. சொல்ற வெலைக்கே வாங்கினாலும் லாபம்தான்" என்றார் புரோக்கர்.

அவசரம் என்ற சொல்லைக் கேட்டதும் நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போவது என்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் நைனா எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். யாரும் சிரிக்கக் கூடாது. எதையும் நல்லா இருக்கிறது என்று சொல்லக் கூடாது. அம்மா ஒவ்வொரு அறையிலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவே கூடாது. "வூடு எவ்ளோ புடிச்சாலும் புடிக்காத மாதிரியே இருக்கணும். நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் அவங்க வெல சொல்லுவாங்க" என்றார். பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு அதுவரை மரமாக நிற்கிற வேஷம்தான் கொடுத்திருந்தார்கள். இது அதைவிடப் பெரிய வேஷம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. கண்ணாடி முன்னால் நின்று மூக்கைச் சுளித்துப் பழகிக்கொண்டேன்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளிப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தது. கூடம் குளுகுளுவென்று இருந்தது. சுவரில் இளம்பச்சைச் சுண்ணாம்பு. தரையில் கால் வைத்தால் வழுவழுவென்று ஓடிப்பார்க்கத் தோன்றியது. பின்னால் கிணறு, துவைக்கிற கல், காய்த்துக் கிடந்த ஒரு சீத்தா மரம். பாய் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "வாங்க, வாங்க, உங்க வூடு மாதிரி நெனச்சுப் பாருங்க" என்றார்.

பாயின் மனைவி பாயம்மாதான் எங்களைச் சுற்றிக் காட்டினார். ஒல்லியான உடம்பு, தலையில் முக்காடு, பேசும்போது எதிரில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்கிற பழக்கம். சமையலறைக்குள் போனதும் அம்மாவின் கையைப் பிடித்து ஜன்னலண்டை கூட்டிக்கொண்டு போனார். "இது மட்டும் நா கேட்டு வெச்சது தங்கச்சி. ஒண்டியா நின்னு ஆக்கிக்கினு இருப்போம், எதுனா பாக்க வாணாமா?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே வயலும் அதற்கப்பால் ஏரிக்கரையும், கரைக்கு மேலே வானமும் தெரிந்தன. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பின்னாலிருந்து நைனா தொண்டையைச் செருமினார். அம்மா கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"வெயிலு நேரா அடுப்பு மேல வுழும் போல. அனல் தாங்காதே" என்றாள்.

பாயம்மாவின் முகம் சுருங்கியது. "அப்படியா சொல்றீங்க? எனக்குத் தெரியல தங்கச்சி" என்று, இத்தனை வருஷம் சமைத்த இடத்தையே முதல்தடவை பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

பின்னறையில் மேலே ஓரிடத்தில் ஈரம் பட்ட கறை இருந்தது. அதுதான் அந்த வீட்டில் உண்மையான குறை. அம்மா அதை அண்ணாந்து பார்த்து, "மய பேஞ்சா ஒழுவுமா?" என்று கேட்டாள். பாயம்மா கூடத்துப் பக்கம் திரும்பிப் பாயைப் பார்த்தார். பாய் அங்கிருந்தே, "கொஞ்சம் கசியும்மா. பொய் சொல்லக் கூடாது. சரி பண்ணிடலாம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நைனா மிக்க மகிழ்ச்சியோடு இருந்தார். அம்மாவின் நடிப்பைப் பாராட்டினார். என் மூக்குச் சுளிப்பைக்கூடப் பாராட்டினார். அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். சாயங்காலம் அடுப்பை மூட்டும்போது, அடுப்புக்கு மேலிருந்த கரிபிடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தமுறை நாங்கள் போனபோது பின்னறையில் அந்தக் கறை இல்லை. தளத்தைக் கொத்திவிட்டுப் புதிதாக ஓடு பதித்திருந்தார்கள். கீழே வெள்ளையடித்திருந்தார்கள். "ஆளு வெச்சா ஏமாத்திடுவாங்கன்னு இவரே மாடி மேல ஏறி நாள் முச்சூடும் நின்னு பாத்துக்கினாரு. எவ்ளோ சொல்லியும் கேக்கல" என்றார் பாயம்மா. அந்தக் கால்களோடு அவர் எப்படி ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. பாய் நாற்காலியிலிருந்தபடியே, "இனிமே ஒரு சொட்டு வுழாதும்மா. பயப்படாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். சமையலறை இருக்கிற திசை சரியில்லை, வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள். அவளுக்குத் திசையில் நம்பிக்கையெல்லாம் கிடையாது.

மூன்றாவது தடவை நைனா தனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தார். அவர் சுவரை அங்கங்கே தட்டிப்பார்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் நாக்கைச் சப்புக்கொட்டினார். பாயும் பாயம்மாவும், டாக்டர் வாயைப் பார்க்கிற நோயாளி வீட்டார் மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனை டீக்கடைக்கு வந்த பிறகு மேஸ்திரி நைனாவின் தோளைத் தட்டி, "யோவ், இந்த மாதிரி கட்டடம் இப்போ யாருய்யா கட்றான்? பேசாத முடிச்சுடு" என்றார். நைனா முடிக்கவில்லை. இரண்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் இன்னும் இறங்கி வருவார்கள் என்பது அவர் கணக்கு.

ஒரு சனிக்கிழமை நைனா அம்மாவைத் தனியாக அனுப்பினார். வேறொரு வீடும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அது கொஞ்சம் மலிவாக வருகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு வர வேண்டும். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாய் உள்ளே படுத்திருந்தார். பாயம்மா எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு டம்ளர் டீ கொடுத்தார். எனக்கு ஒரு சீத்தாப்பழத்தைப் பிளந்து கொடுத்தார். பாலாடை மாதிரி இருந்தது. வழக்கப்படி முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் தின்றேன். "கொயந்திக்குப் புடிக்கல போலக் கீது" என்று அவர் ஒரு வாழைப்பழத்தைத் தேடி எடுத்துவந்து நீட்டினார்.

பிறகு பெண்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா கேட்காமலேயே பாயம்மா சொன்னார். பாய்க்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் காஞ்சிபுரம் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார்கள். ஓரிக்கையில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் வீட்டுக்கே போய்விட்டால் அலைச்சல் குறையும். அதைவிட முக்கியம் ஆபரேஷன்.

"என்னோட கிட்னியே அவுருக்குச் சேருதாம் தங்கச்சி. எல்லா டெஸ்டும் எடுத்துட்டாங்க. ஒடம்பு தாங்கும்போதே பண்ணிடணும்னு டாக்டரு சொல்றாரு. வூடு முடிஞ்சாத்தான் அதப் பண்ண முடியும்" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கொறை சொல்றதெல்லாம் நாயந்தான். நா கோவிச்சுக்கல. உங்களால எவ்ளோ முடியுமோ பாத்து சொல்லுங்க."

அம்மா அந்த வேறொரு வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அன்றைக்கு நைனா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா பேச ஆரம்பித்தாள். நான் வாசலில் கல் விளையாடிக்கொண்டிருந்தேன். நான் விளையாட்டை நிறுத்தினால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பதால் விளையாடுவது மாதிரிக் கல்லைத் தூக்கிப்போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அவங்க கேக்கறதக் குடுத்துடுங்க. ஆபரேஷனுக்கோசரம் விக்கறாங்களாம்" என்றாள் அம்மா.

"எல்லாருக்குந்தான் கஷ்டம். புரோக்கர் இன்னா சொல்றான் தெரியுமா? இன்னும் ஒரு மாசம் தள்ளினா அவங்களே எறங்கி வருவாங்களாம்."

"நம்மளுக்கும் இதே மாதிரிதான ஆச்சு."

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "நம்மளுக்கு யாரு வுட்டுக் குடுத்தாங்க?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கொடுத்தவர் யாராவது இருந்தால் பெயரைச் சொல்லேன் என்று உண்மையாகவே கேட்கிற மாதிரி இருந்தது. அம்மா அரிசி களையப் போனாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

புரோக்கர் சொன்னது பலித்தது. ஆனால் ஒரு மாதம் அல்ல, அதற்குமேல் ஆயிற்று. ஆடி மாதத்தில் யாரும் வீடு முடிக்க மாட்டார்கள் என்ற ஒரு காரணமும் நைனாவுக்குக் கிடைத்தது. ஆவணி பிறந்ததும் பாய் வீட்டிலிருந்தே ஆள் வந்தது. நைனா மனதில் நினைத்திருந்த விலைக்கும் கீழே வீடு முடிந்தது. அன்றைக்கு அவர் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றை அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அம்மாவும் சிரித்தாள். ஜன்னலுக்கு என்ன கலரில் திரை தைக்கலாம் என்று என்னைக் கேட்டாள்.

பத்திரம் பதிகிற அன்றைக்கு எங்களையும் கூட்டிப்போனார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் பாய் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டபோது மருமகன் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். முதல்முறை பார்த்ததற்கு அவர் பாதி ஆளாக இருந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்ததும் பாயம்மா சாவிக்கொத்தை அம்மாவின் கையில் வைத்தார். கையை விடவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. உங்குளுக்குப் புடிக்காத வூட்ட உங்க தலையில கட்டிட்டு எங்க கஷ்டத்தத் தீத்துக்கினு போறோம். நீங்க அந்த அடுப்பண்டை நிக்கிற ஒவ்வொரு நாளும் என்ன வையப்போறீங்க. மன்னிச்சுக்கோங்க."

நைனா இரண்டடி தள்ளி நின்று புரோக்கரோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா ஒருதரம் அவரைப் பார்த்தாள், ஒருதரம் பாயம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்த இடத்திலேயே, இத்தனை பேருக்கு நடுவில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வீடு கொடுத்தவரைவிட வாங்கியவள் அதிகமாக அழுவதைப் பத்திரம் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "பொம்பளங்க பழகிட்டாங்கோ, அதான்" என்று நைனா அவருக்கு விளக்கம் சொன்னார். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். கிணற்றுத் தண்ணீர் தித்தித்தது. அந்த வருஷத்து மழையில் பின்னறையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. சமையலறையில் அனலும் இல்லை, ஏரிக்காற்று நேராக வந்தது. அம்மா சமையல் முடிந்த பிறகும் அந்த ஜன்னலண்டை நின்றுகொண்டிருப்பாள். யாராவது வருகிற சத்தம் கேட்டால் நகர்ந்துவிடுவாள். "சொந்த வூடு எப்டி கீது?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், "ஏதோ கீது" என்பாள். விலை பேசுவதெல்லாம் முடிந்து வீடு எங்களுடையதாகிவிட்ட பிறகும் ஏன் நல்லா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. மிச்சம் பிடித்த பணத்தில் நைனா, அடகுக் கடையில் கிடந்த அம்மாவின் வளையல்களை மீட்டுக்கொண்டுவந்து தன் கையாலேயே போட்டுவிட்டார். அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஆசைதான். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது அவை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டால் முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொள்வாள்.

தைப் பொங்கல் கழிந்ததும் ஒருநாள், பாயம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா சொன்னாள். "இப்போ இன்னாத்துக்கு?" என்றார் நைனா. "சொம்மாதான். மரத்துல சீத்தாப் பழம் நெறைய வுட்டுதே, அவங்களுக்குக் கொஞ்சம் குடுத்துட்டு வரேன்" என்றாள். நைனா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். என்ன என்று கேட்டதற்கு ஒண்ணுமில்லை என்றாள். மானாம்பதி தாண்டிய பிறகு தானாகவே சொன்னாள். "அந்த வூடு எனுக்கு மொதல் நாளே புடிச்சுப் போச்சுன்னு பாயம்மாகிட்ட சொல்லப்போறேன்டி. பாவம், அவங்க மனசுல அது உறுத்திக்கினே கீது." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சீத்தாப்பழம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். அம்மா சிரித்து என் தலையைத் தடவினாள். பாலாற்றுப் பாலம் தாண்டி ஓரிக்கையில் இறங்கினோம். நிறுத்தத்தில் நின்று அம்மா வளையல்களைக் கழற்றிப் பையின் அடியில் போட்டுக்கொண்டாள். திருடர் பயம் போல என்று நினைத்தேன்.

வழி கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். மாடியில் ஒரு சின்னப் பகுதி. கதவைத் திறந்த மகள் எங்களை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். அம்மா சொன்னதும், "உள்ள வாங்க" என்று வழிவிட்டுவிட்டு, மெல்லிய குரலில், "அத்தா தவறிட்டாங்க. உங்குளுக்குத் தெரியாதா? போன மாசம்" என்றாள்.

பாயம்மா உள்ளறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவை. எப்போதும் கழுத்தில் இருக்கிற கருகமணி இல்லை. அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினார். அம்மா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் கொண்டுபோன பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆபரேஷன் பண்ணலையாக்கா?" என்று கடைசியில் அம்மா கேட்டாள்.

"ஒடம்பு தாங்காதுன்னுட்டாங்க தங்கச்சி. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னாரு டாக்டரு. நம்ம கையில இன்னா கீது? அல்லா போட்ட கணக்கு."

அம்மா குனிந்துகொண்டாள். பாயம்மா அவள் கையைத் தடவிக்கொடுத்தார். துக்கம் விசாரிக்க வந்தவளுக்குத் துக்கப்பட்டவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்" என்று அம்மா ஆரம்பித்தாள். "அந்த வூடு..."

"அந்த வூட்டப் பத்தித்தான் அவரும் கடைசி மட்டும் பேசிக்கினு இருந்தாரு" என்றார் பாயம்மா. "எனக்கு வெல கொறைஞ்சிடுச்சேன்னு இருந்துச்சு. அவுருதான் ஒத்துக்கல. 'அவ்ளோ கொறை இருக்கிற வூட்ட, புடிக்காமயே, நம்ம கஷ்டத்தப் பாத்து வாங்கிக்கினாங்க. அந்த டிரைவர் நல்ல மனுஷன். அந்தம்மா முகத்துல ஒரு நாள் சிரிப்பப் பாத்தியா? இருந்தும் நமக்கோசரம் ஒத்துக்கினாங்க'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. தொழுவும்போதெல்லாம் உங்க குடும்பத்துக்கும் சேத்துக் கேட்டுக்குவாரு. யாரும் நம்மள ஏமாத்தலன்ற நிம்மதியோட போனாரு. அது போதும் எனுக்கு."

சொல்லிவிட்டு அவர் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இன்னாமோ சொல்ல வந்தீங்களே. வூடு எப்டி கீது? அந்தப் பின் ரூம்பு இப்போ தேவலையா?"

அம்மா சொல்லப்போகிறாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீத்தாப்பழத்தைப் பற்றியும் மறக்காமல் சொல்ல வேண்டுமே என்று எனக்குக் கவலை. அம்மா சுவரைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பிறகு பாயம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் ஒழுவுதுக்கா. அடுப்பண்டையும் அனலு ஜாஸ்தியாத்தான் கீது. பரவால்ல, பழகிக்கிறோம்."

"பாத்தீங்களா, நா சொல்லல?" என்றார் பாயம்மா. அந்த முகத்தில் வருத்தத்தோடு ஏதோ ஒரு சமாதானமும் வந்தது. "பொறுத்துக்கோங்க தங்கச்சி. உங்க நல்ல மனசுக்கு வேற நல்ல வூடு அமையும்."

அம்மா தலையை ஆட்டினாள். நாங்கள் கிளம்பும்போது பாயம்மா என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "நம்ம வூட்ல எங்க ஒழுவுதும்மா?" என்று கேட்டேன். அம்மா என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒழுவுதுடி. உனுக்குத் தெரியாது" என்றாள். நிமிர்ந்து பார்க்க முயன்றபோது அவள் கை என் கண்ணை மூடியது.

வீட்டுக்கு வந்தபோது நைனா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா பையை வைத்துவிட்டு, "பாய் தவறிட்டாரு" என்றாள். நைனா கையில் வாளியோடு அப்படியே நின்றார்.

"எப்போ?"

"போன மாசம். ஆபரேஷனுக்கு ஒடம்பு தாங்கலையாம்."

நைனா வாளியைக் கீழே வைத்தார். "வூட்டப் பத்தி எதுனா கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க. ஒழுவுது, அனலடிக்குதுன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "நம்மள நல்ல மனுஷங்கன்னு சொல்லிக்கினே போய்ச் சேந்தாராம் அவுரு."

பிறகு அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நைனா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். அடுத்து அவர் எழுந்து வந்து அம்மாவைப் பாராட்டுவார் என்று நான் காத்திருந்தேன். முதல் நாள் பாராட்டினாரே, அதைவிட நன்றாக இன்றைக்குச் செய்திருக்கிறாள். பின்னால் நின்று செரும அவர் இல்லாத இடத்தில்கூட, பிடித்த வீட்டைப் பிடித்திருக்கிறது என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிடவில்லை. சொல்லிக்கொடுத்ததை அச்சு பிசகாமல் காப்பாற்றிவிட்டாள். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. அவரைச் சாப்பிடக் கூப்பிட அம்மா என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்தால், கழுவிய காலையே மறுபடியும் மறுபடியும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். பசியில்லை என்று சொல் என்றார். உள்ளே வந்து சொன்னேன். அம்மா அவர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் தட்டையும் கவிழ்த்து வைத்தாள்.

அவர் சொன்னபடியேதானே அம்மா நடந்துகொண்டாள், இதில் இரண்டு பேருக்கும் என்ன வருத்தம் என்று யோசித்துக்கொண்டே நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.